நூற்று அறுபத்து மூன்றாம் பக்கம்

இருபத்திரண்டு வருடம் தினமும் எட்டு மணி நேரம் படித்த ஒருவர், அத்தனை வருடத்தில் ஒரு புத்தகம்கூடப் படித்ததில்லை என்றால், படிப்பது என்று நாம் எதைச் சொல்லிக்கொண்டிருக்கிறோம்? ஓர் அச்சகத்தில் பிழை திருத்திய பெண்மணியின் வாழ்க்கை இதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தது. அவர் காதில் அது விழவில்லை. அவருக்கு வேலை இருந்தது.

எல்லோருக்கும் அவர் புரூஃப் அக்கா. அவரைவிட மூத்த முதலாளிக்கும் அக்காதான். மாடிப்படி திரும்பும் இடத்தில் ஓர் அறை. சன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் சுவர் கைக்கு எட்டும். மேசைக்கு இந்தப் பக்கம் அவர், அந்தப் பக்கம் ரயில் அண்ணன். ரயில் அண்ணன் முப்பது வருடம் ரயில் நிலையத்தில் அறிவிப்புச் சொல்லி ஓய்வு பெற்றவர். கையெழுத்துப் பிரதியை அவர் உரக்கப் படிக்க வேண்டும். அச்சுக்குப் போகும் தாளில் வரிக்கு அடியில் அளவுகோலை வைத்து அக்கா ஒத்துப் பார்க்க வேண்டும். மருந்துப் பெட்டிக்குள் வைக்கும் சீட்டோ இரங்கல் மலரோ, எல்லாம் அவர் வாயில் நான்காவது நடைமேடைக்கு வந்து சேரும் வண்டிதான். கமா, புள்ளி, பத்தி என்பதையும் அதே குரலில் சொல்வார்.

"கதைப் பக்கம் போகாதே. கதையைப் பாத்தா எழுத்து ஓடிப்போயிடும்" என்று முதல் நாளே அக்காவுக்குச் சொல்லியிருந்தார்கள். அவரும் போகவில்லை. இன்று என்ன படித்தாய் என்று கேட்டால் "நூத்தி இருபது பக்கம்" என்பார். அவர் கணவர் கட்டடங்களுக்கு வர்ணம் அடித்தவர். சாரத்திலிருந்து விழுந்து இடுப்பு போனபின் வீட்டோடு இருந்தார். "ஊருக்கெல்லாம் படிக்கிறே, எனக்கு இந்தப் பேப்பர்ல என்ன போட்டிருக்குன்னு சொல்லேன்" என்று சீண்டுவார். "கண்ணு வலிக்குதுங்க" என்பதோடு பேச்சு முடியும். அடுப்பு எரிவது அக்காவின் கண்ணால்தான் என்பது இருவருக்கும் தெரியும். அக்காவுக்கு முன் அந்த நாற்காலியில் இருந்தவர் ஒரு மருந்துச் சீட்டில் அளவைக் கோட்டைவிட்டவர். சாப்பாட்டு டப்பாவைக்கூட எடுக்க விடாமல் ஒரு மணி நேரத்தில் அனுப்பிவிட்டார்கள்.

அந்த வாரம் மேசையில் இரண்டு வேலைகள். ஒன்று தொழிற்பயிற்சிப் பள்ளிக்கான பம்பு செட்டுப் பாடநூல். மற்றது மின்வாரிய அலுவலகத்தில் வேலை பார்க்கும் ஓர் அம்மாளின் முதல் நாவல். இரண்டும் ஒரே அளவு, ஒரே எழுத்து. பாடநூலின் கடைசிப் பக்கங்கள் ஒருநாள் காலையில் முடிந்து, கையொப்பமிட்ட தாள்கள் இடது பக்கம் அடுக்கியிருந்தன. மதியம், பாதியில் விட்டிருந்த நாவல். ஒரே வீட்டை அலமாரியால் தடுத்துக்கொண்டு பதினோரு வருடம் பேசாமல் வாழும் அக்கா தங்கை கதை. நான் அதைப் பின்னால் படித்தேன். முதல் எழுபது பக்கத்தில் பாதியை வெட்டியிருக்கலாம். ஆனால் ஒன்பதாம் அத்தியாயத்தைப் பற்றி எனக்குக் குறை எதுவும் இல்லை. மூத்தவள் தன் பக்கத்திலிருந்து அலமாரியின் முதுகைத் தட்டுகிறாள்.

அந்த இடத்தில் ரயில் அண்ணன் கமா சொல்ல மறந்தார். அடுத்த வரியில் புள்ளியையும் விட்டார். குரல் இறங்கிவிட்டது, யாரோ தூங்கும் அறையில் பேசுகிறவர்போல வாசித்தார். கண்டிக்க வேண்டிய அக்கா அளவுகோலை நகர்த்தாமல் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். கை மட்டும் பழக்கத்தில் ஒவ்வொரு தாளின் அடியிலும் கையொப்பமிட்டது.

அத்தியாயம் முடிந்ததும் முந்தானையால் முகத்தைத் துடைக்கப் போனார். முழங்கை பட்டு இரண்டு கட்டுகளும் சரிந்து தரையில் கலந்தன. குனிந்து பொறுக்கினார். எந்தப் பக்கமானாலும் முந்தைய பக்கத்தின் கடைசி வரியோடு அடுத்ததன் முதல் வரி சேருகிறதா என்று பார்த்துத்தான் அடுக்குவார். அன்று பக்க எண்ணை மட்டும் பார்த்து அடுக்கினார்.

"என்னம்மா, தூசி விழுந்துடுச்சா?" என்றார் ரயில் அண்ணன்.

"உங்களுக்கு என்ன, சளியா? குரல் ஒரு மாதிரி இருந்துச்சே."

"ஆமா, ஆமா. சளிதான்."

மூன்று வாரம் கழித்து நாவல் புத்தகமாகக் கட்டாகி வந்தது. அக்கா முதலாளியிடம் ஒரு பிரதி கேட்டார். அச்சகமே திரும்பிப் பார்த்தது. மறுநாள் காலை உலை கொதிக்கும்போது ஒன்பதாம் அத்தியாயத்தைப் பிரித்தார். மூத்தவள் தட்டுகிறாள். காது கொடுத்து நிற்கிறாள். பக்கத்தைத் திருப்பினார். நூற்று அறுபத்து மூன்று. "பம்பை இயக்குமுன் உறிஞ்சு குழாயில் நீர் நிரம்பியுள்ளதா என உறுதி செய்க."

விரலால் வரிகளைத் தடவிக்கொண்டே கீழே வந்தார். அடியில் அவர் கையொப்பம் இல்லை. அச்சில் அது வராது. ஆனாலும் அந்த இடத்தில் அவர் கண்ணுக்கு அது தெரிந்தது. சோறு குழைந்த வாசனை வந்து கணவர் கூப்பிடும்வரை அப்படியே நின்றார்.

இங்கே வந்தது அங்கிருந்து வந்தது என்றால், இங்கிருந்து போனது எங்கே? ஓட்டமும் நடையுமாக அச்சகம் போய்ப் பண்டகசாலையில் கேட்டார்.

"பம்பு புக்கா? திங்கக்கிழமையே லாரி ஏறிடுச்சுக்கா. எல்லாப் பள்ளிக்கூடத்துக்கும் போயிருக்கும். ஏன், குறையுதா?"

"இல்ல... சும்மாதான்."

ரயில் அண்ணனிடம் மட்டும் சொன்னார். அவர் முகத்தில் ஈயாடவில்லை. பிறகு தைரியம் சொல்ல முயன்றார். "நூத்தி அறுபத்தி மூணாம் பக்கம் வரைக்கும் எவம்மா படிக்கிறான்? மருந்துப் பாட்டில்ல இருக்கற சீட்டையே எவனும் பாக்கறதில்ல."

"நாம படிச்சோமே அண்ணே."



மடியில் கனம் இருந்தால் வழியில் பயம் என்பார்கள். அக்காவுக்கு வழியெல்லாம் பயம்தான். முதலாளி அறையில் தொலைபேசி அடித்தால் அளவுகோல் வரியை விட்டு நழுவும். படியில் செருப்புச் சத்தம் கேட்டால் அந்த எழுத்தாளர் அம்மாள்தான் என்று தோன்றும். வேலை போய்விடும் என்ற பயம் இருந்தது. அதற்கு ஓர் உருவம் உண்டு, காலி டப்பா, கணவரின் மாத்திரை. இன்னொரு பயத்துக்குத்தான் உருவம் கிடைக்கவில்லை. ஒருநாள் பேருந்து நிறுத்தத்தில் அது கிடைத்தது.

முன்பின் தெரியாத ஒரு பெண் அந்த நாவலைப் படித்துக்கொண்டு நின்றாள். விரித்திருந்த கனத்தை வைத்தே அக்காவுக்குப் பக்கம் தெரிந்துவிட்டது: நூற்று ஐம்பது சொச்சம். அந்தப் பெண் ஏறிய பேருந்திலேயே, எங்கே போகிறது என்றுகூடப் பார்க்காமல், ஏறினார். எதிர் இருக்கையில் உட்கார்ந்தார். அந்தப் பெண் உதட்டைக் கடித்துக்கொண்டு படித்தாள். திருப்பினாள். திருப்பினாள். கை நின்றது. நெற்றி சுருங்கியது. முந்தைய பக்கத்துக்குப் போனாள், மறுபடி வந்தாள், அட்டையைத் திருப்பிப் பார்த்தாள். தட்டிய கதவைத் திறக்கப்போகும் நேரத்தில் யாரோ கையைப் பிடித்து வெளியே தள்ளியதுபோல் அவள் முகம் இருந்தது. அக்கா அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

பதினோராம் நாள் முதலாளி இருவரையும் கூப்பிட்டார். மேசையில் ஒரு கடிதம். தொழிற்பயிற்சிப் பள்ளி முதல்வரின் முத்திரை. பக்கத்தில் பம்புப் புத்தகம், நூற்று அறுபத்து மூன்றில் விரிந்து கிடந்தது.

"யார் பாத்த தாள் இது?"

"நான் படிக்கும்போதுதான் முதலாளி..." என்று ரயில் அண்ணன் ஆரம்பித்தார்.

"கையொப்பம் என்னோடது" என்றார் அக்கா. அவர் குரல் அவருக்கே கேட்கவில்லை. இன்னொரு முறை சொன்னார்.

முதலாளி கடிதத்தை அவர் பக்கம் தள்ளினார். "மீதியையும் படிங்க. எனக்கு ஒண்ணும் விளங்கல."

முதல் பத்தி வசவு. இரண்டாவது பத்தியில், பம்பு வகுப்பு மாணவர்கள் அந்த ஒரு பக்கத்தைச் சுவரில் ஒட்டிவைத்திருப்பதாகவும், அலமாரிக்குப் பின்னால் மூச்சை அடக்கிக்கொண்டு நிற்கும் தங்கை அடுத்த பக்கத்தில் பதில் சொன்னாளா இல்லையா என்று வகுப்பு இரண்டாகப் பிரிந்து கிடப்பதாகவும், பாடம் நடத்த முடியவில்லை என்றும் எழுதியிருந்தார். கதைப் புத்தகமே தொடாத பிள்ளைகள். அந்த எழுத்தாளரின் பெயரும் புத்தகத்தின் பெயரும் உடனே தெரிய வேண்டும், நாற்பது பிரதி வேண்டும். அடியில் வேறு மையில் ஒரு வரி: "எனக்கு ஒன்று தனியாக."

"சிரிக்கறதா அழறதான்னு தெரியல" என்றார் முதலாளி. "ஆனா தப்பு தப்புதான். அந்தம்மாவுக்குச் சொல்லி அனுப்பிட்டேன், நாளைக்கு வர்றாங்க. புஸ்தகம் அவங்களோடது. நீங்க இருக்கறதா போறதான்னு அவங்க சொல்லட்டும்."

அன்று அக்கா கணவரிடம் எதுவும் சொல்லவில்லை. மறுநாள் மேசையிலிருந்த தன் அளவுகோல், கண்ணாடிக்கூடு, தண்ணீர்ப் பாட்டில் எல்லாவற்றையும் பையில் எடுத்து வைத்துக்கொண்டார். டப்பாவையும்தான்.

எழுத்தாளர் குள்ளமாக இருந்தார். மழைக்கோட்டுடன், மின்கட்டணம் கட்ட வந்தவர்களைப் பார்த்துப் பார்த்துச் சலித்த முகத்துடன் வந்தார். உட்காரவில்லை. முதலாளி நடந்ததை விளக்கி, நீட்டி, மன்னிப்பில் முடித்தார்.

"எந்த இடத்துல கவனம் போச்சு?" என்று எழுத்தாளர் அக்காவைப் பார்த்துக் கேட்டார்.

தான் முதன்முதலாக விரும்பிய எழுத்தின் சொந்தக்காரர், கை நீட்டினால் தொடும் தூரத்தில். அவர் புத்தகத்தை நாசமாக்கியவர் என்ற முறையில்தான் இந்த அறிமுகம்.

"அவ... அந்தப் பக்கத்துலேருந்து தட்டறாளே. அங்க."

"அதுக்கப்புறம்?"

"அதுக்கப்புறம் நான் திருத்தல. கேட்டுட்டு இருந்தேன்."

முதலாளி இருமினார். ரயில் அண்ணன் கூரையைப் பார்த்தார்.

"அந்த இடத்தைப் பதினேழு தடவை எழுதினேன்" என்றார் எழுத்தாளர், ஏதோ தாமதத்துக்குக் காரணம் சொல்வதுபோல். பிறகு முதலாளியிடம், "திருத்தி மறுபடி போடுங்க. அதையும் இவங்களே பாக்கட்டும்" என்று சொல்லிவிட்டுக் மழைக்கோட்டின் பொத்தானைப் போட்டுக்கொண்டு இறங்கிப் போனார். படியில் செருப்புச் சத்தம் ஓயும்வரை அக்கா மூச்சு விடவில்லை.

இரண்டாம் பதிப்புக்கு, பேச்சு பம்பு மாணவர்களிடமிருந்து அவர்கள் வீட்டாருக்கும், அங்கிருந்து எங்கெங்கோவும் பரவி, முதல் பதிப்பைப்போல் மூன்று மடங்கு கேட்டார்கள். தாள்கள் மேசைக்கு வந்தன. ரயில் அண்ணன் கமா விடாமல் படித்தார். அக்கா கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தார். ஒன்பதாம் அத்தியாயத்தை மட்டும் மூன்று முறை. கடைசியில் நன்றிப் பக்கம். எழுத்தாளர் புதிதாகச் சேர்த்திருந்தார். நான்கு வரிகள். நான்காவது வரியில், இந்தப் புத்தகத்தை முதலில் கேட்டவர் என்று சொல்லி, அக்காவின் முழுப்பெயர். புரூஃப் அக்கா இல்லை. வீட்டில் வைத்த பெயர், ஒரு பிழையும் இல்லாமல்.

ரயில் அண்ணன் படித்துவிட்டு நிமிர்ந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

அக்கா சிவப்புப் பேனாவை எடுத்து, அந்த வரியை அடித்து, ஓரத்தில் நீக்கக் குறி போட்டு, தாளின் அடியில் கையொப்பமிட்டார்.

"ஏம்மா?" என்றார் அவர்.

"அன்னிக்குக் கேட்டதுதாண்ணே தப்பு. அடுத்த வேலையை எடுங்க."

எழுத்தாளர் தொலைபேசியில் கேட்டபோது அக்கா வேலை இருக்கிறது என்று சொல்லி வைத்துவிட்டார். கணவரும் ஒருமுறை கேட்டுப் பார்த்தார். அச்சான பிரதியில் நன்றி மூன்று வரிகளில் முடிகிறது.