ஒன்பதேகால் மணி வேர்கள்

மூன்று வருடமும் கவனித்தேன். எங்கள் கல்லூரித் தாவரவியல் ஆய்வகத்தில் உதவியாளராக இருந்த பழனியாத்தா அக்கா, வகுப்புக்காக வெங்காய வேர்நுனிகளைக் கிள்ளிக் குப்பிகளில் போடும்போதெல்லாம் ஒரு குப்பியை மட்டும் அலமாரியின் மேல் வரிசையில் தனியாக வைப்பார். அதை யாருக்கும் தரமாட்டார்.

இறுதியாண்டில் எனக்கு அது தேவைப்பட்டது. செல் ஒன்று இரண்டாகப் பிரிவதைப் படமெடுத்துத் திங்கட்கிழமை ஆய்வேடு கொடுக்க வேண்டும். இருபது வேர்நுனிகளுக்குச் சாயமேற்றி நசுக்கிப் பார்த்தாயிற்று. நுண்ணோக்கியில் செங்கல் அடுக்கியதுபோல் செல்கள் சும்மா கிடந்தன.

"அக்கா, மேல இருக்கற பாட்டிலக் குடுங்க."

"அது ஒருத்தரோடதுங்க கண்ணு."

"அந்த ஒருத்தர் மூணு வருசமா வரவே இல்லீங்களே."

"வரலைன்னா நம்முளுது ஆயிருமா?" என்றவர், "நீ எத்தன மணிக்குக் கிள்ளறே?" என்று கேட்டார்.

"மத்தியானச் சாப்பாட்டு நேரத்துலதாங்க்கா."

"அதான். அப்ப அதுக தூங்கிரும். நாளைக்கு ஒம்போதேகாலுக்குக் கிள்ளு. கிணத்துக்கடவுல இருந்து நானே வாரேன், உக்கடத்துல இருக்கற உனக்கென்ன?"

மறுநாள் ஒன்பதேகாலுக்குக் கிள்ளினேன். மாலையில் நுண்ணோக்கிக்குள் பிரியும் செல்கள் கும்பலாகத் தெரிந்தன. அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினேன். ஒரு கண்ணை இறுக மூடிக்கொண்டு பார்த்தார்.

"பாகம் பிரிச்சுட்டுப் போறாங்களாட்ட இருக்குது. நம்மூருல கோர்ட்டுக்குப் போகாமப் பிரியறது இதுக மட்டுந்தான்."

ஆய்வேட்டுக்குத் துறைப் பரிசு கிடைத்தது. நன்றியுரையில் முதல்வர், துறைத்தலைவர், பெற்றோர், கடவுள் எல்லோரும் இருந்தார்கள். ஒன்பதேகால் மணியை என் கண்டறிதலாக எழுதியிருந்தேன்.

அதே கல்லூரியில் முதுகலை சேர்ந்த பிறகு, செல் கோட்பாட்டின் வரலாற்றைப் படித்தேன். செல்லிலிருந்தே செல் பிறக்கிறது என்ற வரியை ஜெர்மன் விஞ்ஞானி விர்ஹோவின் பெயரோடு பள்ளியில் மனப்பாடம் செய்தவள் நான். செல் பிரிவதை அவருக்கு முன்பே கண்டு எழுதிய ரேமாக் என்ற விஞ்ஞானிக்கு விர்ஹோ உரிய இடம் தரவில்லை என்று அங்கே ஒரு பத்தி இருந்தது. அதைத் தாண்டிப் படிக்க முடியவில்லை. எங்கள் வீட்டில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள் நான். நன்றி சொல்லத் தக்கவர்கள் யார், தகாதவர்கள் யார் என்று இவ்வளவு சீக்கிரம் எங்கே கற்றுக்கொண்டேன்?

அதற்குள் அக்கா ஓய்வு பெற்றிருந்தார். ஆய்வேட்டை எடுத்துக்கொண்டு கிணத்துக்கடவு போய், செய்ததைச் சொன்னேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"ஏனுங் அம்மணி, அது எம்பட கணக்கா? சென்னகிருஷ்ணனோடது."

பன்னிரண்டு வருடத்துக்கு முன் படித்த மாணவன். மணிக்கொருதரம் வேரைக் கிள்ளி, ஒரு வாரம் உட்கார்ந்து பிரியும் செல்களை எண்ணியவன். ஒன்பதேகாலுக்குக் கிள்ளிய கடைசிக் குப்பியை அக்காவிடம் கொடுத்து, நாளை வந்து பார்க்கிறேன் என்று போனான். அன்று அவன் அப்பா படுக்கையில் விழுந்தார். அவன் நூல் மில்லில் வேலைக்குச் சேர்ந்தான்.

"அப்பறம் ஒரு பரீட்சையில பாட்டில் ஒண்ணு கொறஞ்சுது. அவன் பாட்டில எடுத்துக் குடுத்துப்போட்டேன். பத்திரமா வெய்யுங்கக்கான்னு சொல்லீட்டுப் போன பையன். வந்து கேட்டா என்னத்தக் காட்டறது? அதான் ஒண்ணு வெச்சுட்டே இருந்தேன்."

நூலகப் பிரதியில் நன்றியுரையை மாற்றி இருவர் பெயரையும் சேர்த்து, ஒன்பதேகால் மணி யாருடைய கணக்கு என்றும் எழுதிவிட்டேன். சென்னகிருஷ்ணன் இருக்கும் இடம்தான் தெரியவில்லை. அக்கா கடைசியாக வைத்துவிட்டுப் போன குப்பி மேல் வரிசையிலேயே இருக்கிறது. வேர் கெடாமல் காக்கும் ஆல்கஹால் வற்றும்போது நான் ஊற்றி நிரப்புகிறேன். அவன் இன்னும் வரவில்லை.