மாடியில் நடந்த கணக்கு வகுப்பு

திருநெல்வேலி ஜங்ஷனில் மாடியொன்றில் தையல் பள்ளி நடத்தும் ரைஹானத்துக்கு, சுவரை அளக்க வருகிறவர்களைக் கண்டாலே ஆகாது. கீழே பெயிண்ட் கடை வைத்திருந்தவரை அப்படித்தான் கிளப்பினார்கள். முதலில் ஒருவன் வந்து அளந்தான். பின்னாலேயே காலி செய்யச் சொல்லி ஆள் வந்தது. புருஷன் விட்டுப்போன பிறகு மேலப்பாளையத்திலிருந்து ஒற்றை மெஷினோடு இந்த மாடிப்படி ஏறியவள் அவள். இன்று அறை நிறைய மெஷின் ஓடுகிறது.

அதனால், தோளில் கேமராவும் கையில் டேப்புமாக விஜயஸ்ரீ என்ற பேராசிரியை வந்து நின்றபோது வாசலை மறித்துக்கொண்டாள்.

"பல்கலைக்கழகம் ஆரம்பிச்ச புதுசுல கணக்கு வகுப்பு இந்த மாடியிலதான் நடந்துச்சும்மா. அந்த வரலாற எழுதுதோம்."

"வரலாறு எழுததுக்குச் சுவரோட நீளம் எதுக்கு?"

"வகுப்பு எப்படி இருந்துச்சுன்னு படம் வரையணும்."

"வரைஞ்சு யாருகிட்ட குடுப்பீங்க? கருத்தையா அண்ணாச்சிகிட்டயா?" கட்டட முதலாளியின் பேரைச் சொல்லிவிட்டு முகத்தையே பார்த்தாள். விஜயஸ்ரீ முழித்தாள். ரைஹானத்துக்கு அந்த முழிப்பும் நடிப்பாகத்தான் பட்டது. கதவைச் சாத்திவிட்டாள்.

மறுநாள் நூல் வாங்கப் போனவள், கருத்தையாவின் பாத்திரக்கடைக்குள் அதே விஜயஸ்ரீ உட்கார்ந்திருப்பதைக் கண்டாள். நினைச்சது சரியாப்போச்சு! வெளியே அடுக்கியிருந்த அண்டாக்களுக்குப் பின்னால் ஒதுங்கிக் காதைத் தீட்டிக்கொண்டாள்.

"அவங்க உள்ள விடல. நீங்க ஒரு வார்த்தை சொன்னா..." என்றாள் விஜயஸ்ரீ.

"காலி பண்ணவே சொல்லிருதேன். பல்கலைக்கழகம் இடத்தக் கேக்குன்னா வாயத் திறக்க மாட்டா. நீங்க ஆமான்னு மட்டும் சொல்லுங்க."

"நாங்க கேக்கலயே அண்ணாச்சி. பொய்க்கு என்னைச் சாட்சியாக்காதீங்க." அவள் எழுந்துவிட்டாள்.

ரைஹானத் அண்டாக்களுக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தாள். சந்தேகம் சரிதான், ஆள்தான் மாறிவிட்டது. நேரே கடைக்குள் போனாள்.

"இவங்க முன்னாலயே சொல்லுங்க அண்ணாச்சி. பல்கலைக்கழகமா கேக்கு?"

கருத்தையா துண்டால் முகத்தைத் துடைத்தார்.

விஜயஸ்ரீயை ரைஹானத்தே மாடிக்குக் கூட்டிவந்தாள். வடக்குச் சுவரின் வெள்ளையைச் சுரண்டியபோது, சுவரிலேயே பூசியிருந்த கரும்பலகையின் விளிம்பு தெரிந்தது. படிக்கிற பெண்கள் மெஷினை நிறுத்திவிட்டுக் கூடினார்கள். ரைஹானத்தும் தொட்டுப் பார்த்தாள். ஆனாலும் மனசு முழுசாக இறங்கவில்லை.

"இப்ப இங்கன யாரு இருக்கான்னும் எழுதுவீங்கல்லா?"

"எழுதுதேன்."

"அச்சடிக்கதுக்கு முந்தி எனக்கு வாசிச்சுக் காட்டணும்."

சொன்னபடி விஜயஸ்ரீ வந்து வாசித்தாள். தன் பேர் வரும் வரியை ரைஹானத் திரும்ப வாசிக்கச் சொன்னாள். அதற்குப் பிறகு கருத்தையா காலி செய்யும் பேச்சையே எடுக்கவில்லை. ஏன் எடுக்கவில்லை என்பதுதான் இப்போது அவளுடைய சந்தேகம்.