குவம்போக்கா வாங்கிய இருபது லிட்டர்

நகரத்து ஓரம் கயோலேயில் எங்கள் வளாகத்தில் பத்துத் தகர அறைகள், ஒரே குழாய். யார் வீட்டிலும் எண்ணெய் பத்து ஷில்லிங்குக்குத்தான் வரும். காலைக்கு ஒரு பத்து, மதியத்துக்கு ஒரு பத்து, சுகுமா கீரை வதக்க ஒரு பத்து, ராத்திரிக்கு இன்னொரு பத்து. இப்படி வாங்கினால் விலை கூடுதல் என்று எங்களுக்கும் தெரியும். படித்தவர்கள் வந்து சொல்ல வேண்டியதில்லை.

என் பக்கத்து அறைக்காரி குவம்போக்கா வீடு வீடாகப் போய்த் துணி துவைப்பவள். மகள் மொராவுக்கு ஜனவரியில் விடுதிப் பள்ளி. பெட்டி, சீருடை, மெத்தை மூன்றும் கொண்டுபோக வேண்டும். ஆகஸ்டில் அவளுக்குச் சீட்டுப் பணம் ஐயாயிரம் விழுந்தது. பெட்டிக்கும் சீருடைக்கும் அது போதும். மெத்தைக்குத்தான் ஆயிரத்து ஐந்நூறு இடித்தது.

அவள் வேறு கணக்குப் போட்டாள். ஐயாயிரத்துக்கு இருபது லிட்டர் எண்ணெய்க் கேன் வாங்கினால் ஜனவரி வரை வரும். தினமும் கடைக்குப் போகிற நாற்பதை உண்டியலில் போட்டால் முதலும் திரும்பும், மெத்தையும் வரும். கணக்கில் தப்பில்லை. கேனைப் பட்டப்பகலில் மோட்டார் சைக்கிளில் கொண்டுவந்து இறக்கியதுதான் தப்பு.

அன்று மாலையே எண்ணெய் கடன் கேட்டுக் கரண்டிகள் கிளம்பின. ஒருத்திக்குக் கூலி வரவில்லை, இன்னொருத்திக்குச் சில்லறை இல்லை. நான் மட்டும் யோக்கியமா? டம்ளரோடு போனேன். திருப்பிக் கொடுத்துவிடலாம் என்றுதான் ஒவ்வொரு முறையும் நினைத்தேன். அவள் ஒரே ஒரு நாள் "இல்லை" என்று சொல்லிப் பார்த்தாள். மறுநாள் குழாயடியில் யாரும் அவளுக்கு முகம் கொடுக்கவில்லை; 'கஞ்சப்பிசினாரி' என்ற பேச்சு மட்டும் அவள் காதில் விழுந்தது. சாயங்காலம் அவளே கூப்பிட்டு ஊற்றினாள்.

அக்டோபர் பிறந்தபோது கேன் காலி. கடை வாசலில் மறுபடி பத்து ஷில்லிங்கோடு நின்றவள் என்னிடம் சொன்னாள்:

"கியோக்கோ அம்மா, பத்துக்கும் இருபதுக்கும் வாங்கித் தின்னப்ப என்னை யாராச்சும் கஞ்சப்பிசினாரின்னாங்களா?"

"உன்னை யாருடி மொத்தமா வாங்கச் சொன்னது?" என்று அவள் மேலேயே பாய்ந்தேன். தின்றவளுக்குத்தானே வாய் நீளம்.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமையும் துவைக்கப் போனாள். பெட்டி வந்தது, சீருடை வந்தது. மெத்தையைப் பற்றி நான் கேட்கவில்லை. பதில் தெரிந்துவிடுமோ என்று பயம்.

மொரா கிளம்பிய காலையில் வளாகமே வாசலுக்கு வந்தது. புதுப் பெட்டி பளபளத்தது. சுருட்டிக் கட்டிய மெத்தையின் ஓரத்தில் பூப்போட்ட துணியில் ஓர் ஒட்டு. போன வருஷம் அந்த ஒட்டைப் போட்டுக் கொடுத்தவள் நான்தான். குவம்போக்கா இத்தனை நாளும் படுத்தது அதில்தான்.

"நல்லாப் படி கண்ணு" என்று எல்லோரும் கையசைத்தோம். குவம்போக்காவின் முகத்தை மட்டும் என்னால் பார்க்க முடியவில்லை.