பொட்டு வைத்த மதர்போர்டும் பூந்தமல்லிப் பயணமும்

விஜயதசமி அன்று காலை ஒன்பது மணி வாக்கில் திருநின்றவூர் ரயில் நிலையத்தில் நின்றோம். நான், என் கணவர் குமரவேல், அவர் கையில் ஒரு மஞ்சள் பை. பைக்குள் செய்தித்தாளில் சுற்றிய செத்துப்போன ஒரு மதர்போர்டு. கொலை செய்தவரே பிணத்தைச் சுமந்து வந்தார் என்றுதான் சொல்ல வேண்டும்.

நடந்தது இதுதான். முந்தைய நாள் ஆயுத பூஜை. எங்கள் வீட்டில் ஸ்கூட்டர், மிக்ஸி, கேஸ் அடுப்பு, அரிவாள்மனை என்று எதையும் இவர் விடமாட்டார். எல்லாவற்றையும் துடைத்து, சந்தனம் குங்குமம் வைப்பார். என் கம்ப்யூட்டருக்கும் வருஷா வருஷம் பெட்டியின் வெளியே ஒரு பொட்டு உண்டு. இந்த வருஷம் அவருக்கு என்ன தோன்றியதோ, "உசிரு உள்ளதான இருக்கு?" என்று பக்கவாட்டுக் கண்ணாடியைக் கழற்றி, உள்ளே எல்லாப் பாகங்களையும் தாங்கி நிற்கும் மதர்போர்டின் நடுவிலேயே வைத்துவிட்டார். பன்னீரில் குழைத்த சந்தனம். சுவரில் சுவிட்சை அணைக்கவும் இல்லை. பூஜைக்கு வைத்ததை மறுநாள் வரை தொடக்கூடாது என்பதால் நானும் அந்தப் பக்கம் போகவில்லை. காலையில் பொத்தானை அழுத்தினால் மூச்சு பேச்சு இல்லை. திறந்து பார்த்தால், சந்தனம் வழிந்து, கம்ப்யூட்டரின் மூளையான ப்ராசஸர் உட்காரும் இடம் வரைக்கும் கோடு போட்டிருக்கிறது.

"சாமிக்குத்தான செஞ்சேன், சுதா" என்றார்.

"சாமி கேட்டுச்சா? உங்ககிட்ட வந்து, உள்ள வைப்பான்னு கேட்டுச்சா?"

அந்தக் காலத்து மதர்போர்டுப் பலகை இப்போது புதிதாகக் கிடைப்பதில்லை. பழைய ப்ராசஸர் புதிய பலகையில் உட்காராது. ஆக இரண்டுமே வாங்க வேண்டும், அதுவும் அன்றைக்கே. இணையத்தில் போட்டால் விடுமுறை கழிந்து திங்கட்கிழமைதான் வரும் என்றார்கள். எனக்கு வெள்ளிக்கிழமை சாயங்காலம் கம்ப்யூட்டர் வேண்டும்.

காரணம் என் தம்பி பாலா. மஸ்கட்டில் ஏசி பராமரிப்பு வேலை. போனில் பேசினால் "சாப்பிட்டியாக்கா?", "ம், நீ?", அவ்வளவுதான். பிறகு இரண்டு பக்கமும் சும்மா இருப்போம். ஆனால் வெள்ளிக்கிழமை தோறும் இருவரும் கம்ப்யூட்டரில் லாரி ஓட்டும் ஒரு விளையாட்டு ஆடுவோம். அவன் லாரி முன்னால், என் லாரி பின்னால். நாங்கள் இருவரும் பார்த்தேயிராத ஏதோ ஒரு நாட்டின் சாலையில், மணிக்கணக்கில் பேசிக்கொண்டே போவோம். அப்பா இறந்த துக்கத்தை அவன் என்னிடம் பேசியதே அந்த லாரியில்தான். போன வாரம் கிளம்பும்போது சொன்னான்: "அக்கா, ஒரு விஷயம் இருக்கு. போன்ல சொல்ல வராது. அடுத்த வெள்ளி வண்டி ஓட்டறப்ப சொல்றேன்." நான் மூன்று தடவை போன் செய்து குடைந்தும் வாயைத் திறக்கவில்லை. உடம்புக்கு ஏதாவதா, வேலை போய்விட்டதா என்று ஒரு வாரமாக எனக்குள்ளேயே கேட்டுக்கொண்டிருந்தேன். அந்த வெள்ளி, நாளை.

அம்பத்தூருக்கு டிக்கெட் ஐந்து ரூபாய். விடுமுறை நாள் என்பதால் ஜன்னலோரம் கிடைத்தது. நெமிலிச்சேரி, பட்டாபிராம், இந்துக் கல்லூரி, ஆவடி. அண்ணனூர் பணிமனையில் மின்சார ரயில்கள் வரிசையாக நின்றன. ஒன்றின் முகத்தில் வாழைக்கன்று கட்டி, பெரிய சந்தனப் பொட்டு வைத்திருந்தார்கள்.

"பாத்தீங்களா? ரயிலுக்கும்தான் பொட்டு வெச்சிருக்காங்க. மோட்டாரைத் திறந்தா வெச்சாங்க?"

அவர் மஞ்சள் பையை மடியில் இறுக்கிக்கொண்டு திருமுல்லைவாயல் வரை வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்.

அம்பத்தூரில் தெருவெல்லாம் உடைந்த பூசணிக்காய். குங்குமத் தண்ணீர் சிவப்பாக ஓட, ஸ்கூட்டர்கள் வளைந்து வளைந்து போயின. ஓ.டி. பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில், மாடிப்படி ஏறினால் ஒரு கம்ப்யூட்டர் கடை. உள்ளே கலர் கலராக விளக்கு எரியும் பெட்டிகள். கடைக்காரருக்கு முப்பது வயதிருக்கும்.

"வாங்க மேடம். பையன் இன்னா கேம் ஆடுறாப்ல?"

"பையன் இல்ல. நான்தான் ஆடறேன்."

அவர் ஒரு விநாடி என் நரைமுடியைப் பார்த்துவிட்டு, என் கணவரிடம் திரும்பினார். "சார், பட்ஜெட் இன்னா சார்?"

"என்னைக் கேக்காதீங்க தம்பி. நான் பொட்டு வைக்கிற ஆளு" என்றார் என் கணவர்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் அடக்கிக்கொண்டேன், கோபம் இன்னும் மிச்சமிருந்தது.

ப்ராசஸர் செய்யும் கம்பெனிகளில் இரண்டு கட்சி உண்டு, சிவப்பு, நீலம் என்று. கடைக்காரர் நீலக் கட்சி. பன்னிரண்டு கோர் இருக்கும் ஒரு ப்ராசஸரையும் ஒரு மதர்போர்டையும் சேர்த்து இருபத்து நாலாயிரத்து ஐநூறு ரூபாய்க்குத் தருவதாக எடுத்து வைத்தார். கோர் என்பது ப்ராசஸருக்குள் வேலை பார்க்கும் ஆள் மாதிரி. நிறையப் பேர் இருந்தால் நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் என் லாரி விளையாட்டில் ஒன்றிரண்டு ஆட்கள்தான் முழு வேலையும் பார்ப்பார்கள். மற்றவர்கள் சும்மா உட்கார்ந்திருப்பார்கள். எனக்கு எண்ணிக்கை வேண்டாம், வேகம் வேண்டும். பலகையைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தேன். மின்சாரம் ஏறும் இடத்தில் சூட்டை இழுக்கும் உலோகத் தகடே இல்லை. மேலும் அது புது வகை மெமரிக்கான பலகை. வீட்டில் தப்பிப் பிழைத்திருக்கும் என் மெமரி இரண்டும் குப்பைக்குப் போய்விடும்.

"மேடம், ப்ராசஸர்தான் ஹீரோ. போர்டுலாம் சும்மா கூட வர்ற ஆளு. நம்பி எடுத்துக்கினு போங்க."

"பயில்வானைக் கூட்டிட்டு வந்து கால் உடைஞ்ச கட்டில்ல படுக்க வைக்கச் சொல்றீங்க. எங்க ஊரு வெயிலுக்கு இது ரெண்டு மே மாசம் தாங்காது."

"இன்னா மேடம், இப்டி பேசறீங்க! இன்னிக்கு நல்ல நாளு, போணி மேடம்."

போணி என்றதும் என் கணவர் இளகிவிட்டார். "வாங்கிடலாமே சுதா, நல்ல நாள்ல மறுக்கக் கூடாது" என்று காதோரம் சொன்னார். நல்ல நாள் பார்த்துத்தான் பொட்டு வைத்தீர்கள் என்றேன். படியிறங்கிவிட்டோம்.

மறுபடி ரயிலேறி ஆவடி. அங்கே மார்க்கெட் பக்கம் எனக்குத் தெரிந்த ஒரு கடை உண்டு. போனால் ஷட்டர் இறங்கியிருக்கிறது. இரண்டு பக்கமும் வாழைக்கன்று, பூட்டுக்குக்கூடப் பொட்டு. எதிர் டீக்கடைக்காரரிடம் விசாரித்தேன்.

"ஓனர் திருத்தணி போய்கீறாரும்மா. நாளிக்கு மத்தியானம்தான் வருவாரு."

"நாளைக்கே வந்து வாங்கிக்கலாமே" என்றார் என் கணவர், டீயை ஊதிக்கொண்டே. வெயில் ஏறிவிட்டது, அவர் சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டிருந்தது. பாவமாகத்தான் இருந்தது. ஆனால் நாளை எனக்கு ஆபீஸ். மத்தியானம் கடை திறந்து, வாங்கி, வீடு போய்ச் சேர்ந்து மாட்டி முடிப்பதற்குள் என் தம்பி காத்திருந்து காத்திருந்து தூங்கப் போய்விடுவான். சொல்ல வந்ததை விழுங்கிவிடுவான். அவனை எனக்குத் தெரியும்.

"பூந்தமல்லி போறோம்" என்றேன்.

ஆவடியிலிருந்து பூந்தமல்லி பதினோரு கிலோமீட்டர் இருக்கும். சாதாரணப் பேருந்தில் பெண்களுக்கு இலவசம், அவருக்கு மட்டும் டிக்கெட். பருத்திப்பட்டு தாண்டியதும் உட்கார இடம் கிடைத்தது. சென்னீர்க்குப்பத்தில் வண்டி நின்றது நின்றதுதான். பக்கத்து இருக்கை அம்மாள் மஞ்சள் பையை எட்டிப் பார்த்து, "கொலு பொம்மையா?" என்று கேட்டார். "இல்லைங்க, கம்ப்யூட்டரு. சந்தனம் வெச்சேன், செத்துப்போச்சு" என்று இவர் ஒளிவுமறைவில்லாமல் சொன்னார். அந்த அம்மாள் உச்சுக்கொட்டி, "வேணும்னேவா செஞ்சீங்க? வுடுங்க சார்" என்றார். என்னைப் பார்த்து ஒரு பார்வை வேறு.

பூந்தமல்லி பேருந்து நிலையத்துக்குப் பின்னால், செருப்புக் கடைக்கும் பிரியாணிக் கடைக்கும் நடுவே அன்வர் பாயின் கம்ப்யூட்டர் கடை. மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக்கொண்டு எதையோ பற்றவைத்துக்கொண்டிருந்தார். பழைய பலகையை எடுத்து மேஜைமேல் வைத்தோம். கண்ணாடியை இறக்கிப் பார்த்தவர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

"யா அல்லா! இன்னாமா இது, உள்ளயே வெச்சிகீறீங்க? கீபோர்டுல குங்குமம் கொட்டிக்கினு வருவாங்க, பிரிண்டர்ல பூவு மாட்டிக்கினு வருவாங்க. மதர்போர்டுக்கே பொட்டு இப்பதான் பாக்கறேன்."

"நான்தான் பாய்" என்று கை தூக்கினார் என் கணவர்.

எனக்கு வேண்டியதைச் சொன்னேன். பழைய மெமரி பொருந்த வேண்டும். தகடு பதித்த பலகை வேண்டும். ஆறு கோர் போதும், ஆனால் ஒவ்வொன்றும் ஓட வேண்டும். ஆடும் பையன் யாரென்று பாய் கேட்கவில்லை. ஏணி போட்டு ஏறி இரண்டு பலகைகளை இறக்கினார். ஒன்று எட்டாயிரத்துச் சொச்சம், மற்றது பத்தாயிரத்து இருநூறு. "ரெண்டும் ஓடும். கம்மியா கீறதே போதும், காசு மிச்சம்" என்றார். நான் இரண்டின் பின்பக்கத்தையும் திருப்பிப் பார்த்தேன். பத்தாயிரத்து இருநூறில் ஒரு குட்டிப் பொத்தான் இருந்தது. ப்ராசஸரே இல்லாவிட்டாலும் பென்டிரைவிலிருந்து பலகைக்குள் புது மென்பொருளை ஏற்ற உதவும் பொத்தான். அதையே எடுத்தேன். சிவப்புக் கட்சியின் ஆறு கோர் ப்ராசஸர் பதினோராயிரத்து ஐநூறு.

"இங்கயே போட்டுக் காட்டணும் பாய். திரை எரிஞ்சாதான் எடுத்துப்பேன்."

"தாராளமா."

மாட்டினார். காற்றாடி சுற்றியது. திரை கறுப்பாகவே இருந்தது. கழற்றி மாட்டினார். கறுப்பு. என் கணவர் மெதுவாக, "நான் எதையும் தொடலை" என்றார்.

எனக்குப் புரிந்துவிட்டது. பலகை பழைய சரக்கு. ப்ராசஸர் அதற்குப் பிறகு வந்தது. உள்ளே இருக்கும் மென்பொருளுக்கு இந்தப் புது ப்ராசஸரை அடையாளம் தெரியவில்லை. பாயிடம் சொன்னதும் பலகையின் தேதியைப் பார்த்துவிட்டு, "கரெக்டுமா" என்று தலையாட்டி, புதிய மென்பொருளைப் பென்டிரைவில் இறக்கிக் கொடுத்தார். நானே குட்டிப் பொத்தானை அழுத்தினேன். பக்கத்தில் விளக்கு மினுங்கத் தொடங்கியது. ஏறி முடியும்வரை மின்சாரம் போகக்கூடாது. போனால் புதுப் பலகையும் பிணம்தான்.

அந்த நேரம் பார்த்துக் கரண்டு போனது.

தெருவில் எல்லாக் கடைகளும் இருண்டாலும் மேஜைக்கடியில் யுபிஎஸ் பேட்டரி தாங்கிப் பிடித்துக்கொண்டது. ஆனால் கீச் கீச்சென்று கத்த ஆரம்பித்தது. வீட்டில் அது கத்தினால் உடனே அணைப்பது என் கணவரின் பழக்கம். கை தானாகப் போனது. "தொட்டீங்க, தொலைச்சிடுவேன்!" என்று நான் போட்ட சத்தத்தில் பிரியாணிக் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். என் கணவரின் கையைப் பிடித்தவள் விடவே இல்லை. விளக்கு மினுங்கிக்கொண்டே இருந்தது. அவர் கை வியர்த்திருந்தது. "பாலாவுக்கு ஒண்ணும் இருக்காது சுதா" என்றார். ஒரு வாரமாக நான் வாய்விட்டுச் சொல்லாததை அவர் சொன்னதும் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

விளக்கு மினுங்குவதை நிறுத்தியது. பாய் மறுபடி மாட்டினார். திரையில் எழுத்து வந்தது. "அல்ஹம்துலில்லாஹ்" என்றார் பாய். "முருகா" என்றார் இவர். நான் பில் போடச் சொன்னேன்.

வீடு திரும்பி மாலையில் மாட்ட உட்கார்ந்தேன். ப்ராசஸரின் சூடு காற்றாடிக்கு ஏற, நடுவில் வெள்ளைப் பசை வைக்க வேண்டும். பட்டாணி அளவு, சரியாக நடுவில். இவர் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து பசையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதுவும் பொட்டுதான?"

"ஆமா."

"நான் வைக்கட்டுமா?"

குழாயை அவரிடம் கொடுத்தேன். மூச்சைப் பிடித்துக்கொண்டு வைத்தார். இத்தனை வருஷத்தில் இவ்வளவு அழகான பொட்டு அவர் வைத்ததில்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம். பாலாவின் லாரி முன்னால், என்னுடையது பின்னால். திரையில் மழை பெய்தது. படம் கொஞ்சம்கூடத் தடங்கவில்லை. அவன் வேறு ஏதேதோ பேசினான். நான் குடைந்து கேட்கவில்லை, காத்திருந்தேன்.

"அக்கா, நான் வந்துடறேன். மொத்தமா."

"ஏன்டா? உடம்புக்கு என்ன?"

"உடம்புக்கு ஒண்ணுமில்லை. வேலையும் இருக்கு. போதும்னு ஆயிடுச்சுக்கா. அங்க வந்து யாரு கூடவாவது உக்காந்து சாப்பிடணும். போன்ல சொன்னா நீ அழுவ. இதுல ரெண்டு கையும் ஸ்டியரிங்ல இருக்கும், அழமாட்டன்னு நெனச்சேன்."

அழுதேன். லாரி தடுப்பில் மோதிக் குப்புறக் கவிழ்ந்தது.

"கவுத்துட்டியா!" என்று சிரித்தான். பிறகு, "மாமா சொன்னாரு, நேத்து இதுக்காக ஊரெல்லாம் அலைஞ்சியாமே. நான் அங்கயே வந்துட்டா இது எதுக்கு, வீணாப் போச்சே" என்றான்.

"என்னடா வீணு? உனக்கும் ஒண்ணு வாங்கணும். பூந்தமல்லிக்கு வழி தெரியும் எனக்கு."

"பொட்டு நான் வைக்கிறேன்" என்றார் பின்னாலிருந்து என் கணவர்.

தூரத்தில், மழையில், பாலாவின் லாரி இரண்டு பக்க விளக்கையும் மினுக்கிக்கொண்டு சாலையோரம் ஒதுங்கியது.

"சரி, வண்டியை நிமித்திட்டு வாக்கா. நான் ஓரமா நிக்கறேன்."

"நீ வாடா" என்றேன். "திருநின்றவூர் ஸ்டேஷன்ல நான் நிக்கறேன்."