சயானிலிருந்து தாணே வரை அப்பா பேசக் கூடாது

"காகா, சர்டிஃபிகேட் கிதர் ஹை?" என்று டிக்கெட் பரிசோதகர் சுடலைமுத்துவிடம் கேட்டார். சுடலைமுத்து வாயைத் திறக்கவில்லை. நாங்கள் ஏறியிருந்தது மாற்றுத்திறனாளிகளுக்கான டப்பா, அதாவது அதற்கான சர்டிஃபிகேட் உள்ளவர்கள் மட்டும் ஏறும் ரயில் பெட்டி. அவருக்கோ உடம்பில் ஒரு குறையும் கிடையாது. அவர் வாய்க்குப் பூட்டுப் போட்டது நான்தான்.

ஆபீசில் ரிட்டயர் ஆகி வீட்டில் எல்லோரையும் தொந்தரவு செய்துகொண்டிருந்த என்னை, எங்கள் தமிழர் சங்கம் 'தோளுக்கு மேல்' என்ற திட்டத்துக்கு கோஆர்டினேட்டர் ஆக்கியது. பதினைந்து, பதினாறு வயதுப் பையன்களை ஆளாக்க வேண்டும், அதுவும் அப்பாக்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு. பையன்கள் சுலபம். அப்பாக்கள்தான் லெக்சர் அடித்தே பிராணனை வாங்குவார்கள். அதனால் கடைசிப் பயிற்சிக்கு ஒரு ரூல் போட்டேன். பையன் அப்பாவை வெளியே எங்காவது கூட்டிப் போக வேண்டும். 'பேசுங்க' என்று பையன் சொல்லும்வரை அப்பா பேசக் கூடாது, ஜாடையும் கூடாது. கோஆர்டினேட்டர் கூடவே போவார், தலையிட மாட்டார்.

சுடலைமுத்துவுக்குத் தாராவியில் தோல் பை பட்டறை. அவர் பேசினால் மிஷின் சத்தம் கேட்காது. மகன் வினோத்துக்குத் தாணேயில் அவன் ஆசைப்பட்ட காலேஜில் இடம் கிடைத்திருந்தது. அப்பா விடவில்லை.

"லோக்கல் ரயில்ல நசுங்கிருவான் அண்ணாச்சி. இங்கன நடந்து போற காலேஜ்ல படிக்கட்டும்."

"அவன் உங்களைத் தாணேக்கு ஒழுங்கா கூட்டிட்டுப் போயிட்டா?" என்றேன்.

"அப்பம் விடுதேன். ஆனா நான் வாயைத் தொறக்கும்படி ஆச்சுன்னா அவன் தோத்தான்."

பையனும் ஒப்புக்கொண்டான்.

ஞாயிற்றுக்கிழமை சயான் ஸ்டேஷனுக்குப் போனோம். ஞாயிறு என்றால் மெகாபிளாக், அதாவது ரிப்பேர் வேலைக்காகப் பாதி ரயிலை நிறுத்திவிடுவார்கள். மீதி ரயிலில் முழு ஊரும் ஏறும். வண்டி கிளம்பும் நேரத்தில் வினோத், "யப்பா, வாங்க" என்று கண்ணில் பட்ட காலிக் கதவில் தாவினான். காலியாக இருக்கிறதே என்று அவனும் யோசிக்கவில்லை, பின்னால் ஓடிய நானும் யோசிக்கவில்லை. சுடலைமுத்து போர்டைப் பார்த்தார். முகம் பீட்ரூட் ஆயிற்று. ஆனால் ரூல் ரூல்தான்.

ஊன்றுகோல் வைத்திருந்த ஒருவர் சுடலைமுத்துவிடம் ஏதோ கேட்டார். பதில் வராததால், ஐயோ பாவம், பேச்சு வராது போலிருக்கிறது என்று நகர்ந்து இடம் கொடுத்தார். முட்டிவலியால் நொண்டுகிற என்னை யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

காட்கோபரில் பரிசோதகர் ஏறினார்.

"சுடலைமுத்து, போதும், பேசிடுங்க" என்று நான் கிசுகிசுத்தேன். அவர் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மகனையே பார்த்துக்கொண்டு உதட்டை இன்னும் இறுக்கிக்கொண்டார். அவர் பேசினால் பையன் தோற்றான். அவனை விடவே மாட்டேன் என்ற மனுஷன், அவன் தோற்றுவிடக் கூடாதென்று வியர்த்துக்கொண்டிருந்தார்.

வினோத் முன்னால் வந்து இந்தியில் சொன்னான். "சார், இவரு எங்கப்பா. நல்லாப் பேசுவாரு. ரொம்பவே பேசுவாரு. இன்னிக்குப் பேசக் கூடாதுன்னு ரூல். தப்பான டப்பாவுல ஏத்துனது நான்தான். ரெண்டு பேரும் என்னை நம்பி வந்தவங்க. ஃபைன் எழுதுங்க."

ஊன்றுகோல்காரர் கொடுத்த இடத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டார். பரிசோதகர் என்னைக் காட்டி, "இவர் யார்?" என்றார்.

"வாழ்க்கையில எப்படி நடந்துக்கணும்னு எங்களுக்குக் கத்துக்குடுக்கிற சார்."

டப்பா மொத்தமும் என்னைப் பார்த்தது.

ஃபைன் ரசீதோடு அடுத்த ஸ்டேஷனில் இறங்கி, வினோத் போர்டை இரண்டு முறை படித்து எங்களைச் சரியான டப்பாவில் ஏற்றினான். தாணே பிளாட்பாரத்தில் இறங்கியதும் தலையைக் குனிந்துகொண்டு, "யப்பா, பேசுங்க" என்றான். அர்ச்சனை ஆரம்பிக்கும் என்று நானும் ஒதுங்கி நின்றேன்.

"ஏலே, ஒண்ணுக்கு எங்க போகணும்? குர்லாவுலேருந்து முட்டிக்கிட்டு நிக்கி."

பையன் ஓட, அப்பா அவன் பின்னால் ஓடினார். திரும்பி வரும்போது வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டே, "நாளைக்கு ஒரு போட்டோ எடுத்துக்கோ. ரயில் பாஸ் வாங்கிருவோம்" என்றார்.

"டப்பா மாறி ஏத்திட்டேனே, யப்பா."

"ஏத்துனதை மறைக்கலைல்லா. வா, பசிக்கி."

திரும்பும் வழி முழுக்க அவர் ஒருவர்தான் பேசினார்.

அடுத்த பேட்சுக்கு ரூலில் இரண்டு திருத்தம் செய்தேன். அப்பாக்கள் கிளம்புமுன் பாத்ரூம் போய்விட வேண்டும். கோஆர்டினேட்டரும் வாயைத் திறக்கக் கூடாது.