மண்டிக்காரரின் மோர்ப் பந்தல்

மண்டிக்காரர் மோர்ப் பந்தல் போட்டது உலகச் சண்டை நடந்த காலத்தில். மோர் ஊற்றும் வேலை எனக்கு. மலையிலிருந்து இறங்கும் ஒற்றையடிப் பாதை கடத்தூர் ரோட்டில் சேரும் இடத்தில் பந்தல். அதை ஒட்டியே அவருடைய புளி மண்டி. 'தாகம் தீர்க்கும் தர்மம், யாவருக்கும்' என்று பலகை வேறு. ஊரே அவரைக் கையெடுத்துக் கும்பிட்டது. நானும்தான் கும்பிட்டேன், வெட்கக்கேடு!

சித்திரை வெயிலில் தலையில் புளி மூட்டையோடு மலைக்காரர்கள் வருவார்கள். "குடிங்க, காசு ஒன்னும் வேணாங்க" என்று நான் கூப்பிட்டுக் கூப்பிட்டு ஊற்றுவேன். குடித்தவர்கள் வாயைத் துடைத்துக்கொண்டு நேரே மண்டிக்குள் போவார்கள். முந்தின வருஷம் வரை சந்தையில் நாலு கடை ஏறி இறங்கி, சத்தம் போட்டு விலை பேசியவர்கள்தான். இப்போது அவர் சொன்னதற்கெல்லாம் தலையாட்டினார்கள். ஒருவர் கொடுத்ததில் வாய் நனைத்தால் அன்றைக்கு அவரோடு விலை பேசக் கூடாது என்பது அவர்கள் வழக்கம். எனக்கு அது தெரியாது. மண்டிக்காரருக்கு நன்றாகத் தெரியும்.

ஒரு நாள் என்னைவிட மூத்தவள் ஒருத்தி வந்தாள். மழை ஏமாற்றிவிட்டதால் விதைக்கு வைத்த சாமையையும் கஞ்சி காய்ச்சிக் குடித்தாயிற்று, புளியை விற்றுத்தான் விதை வாங்க வேண்டும், இல்லாவிட்டால் இந்த வருஷம் காடு தரிசுதான் என்று மோர் குடித்துக்கொண்டே சொன்னாள். மண்டியிலிருந்து திரும்பியபோது கையில் ஒரு படி விதை வாங்கக்கூடக் காசில்லை. ஈரம், ஓடு, கொட்டை என்று சொல்லி மூட்டையில் பாதியைக் கழித்துவிட்டார் மனுஷன்.

"ஏங்க்கா, கேக்கக் கூடாதா?" என்றேன்.

"அவுரு மோரக் குடிச்சுப்புட்டு எப்புடி கண்ணு கேக்கறது?"

அந்த மோரை ஊற்றியது இந்தக் கைதானே!

அடுத்த சந்தைக்கு மிச்சமிருந்த ஒரே மூட்டையோடு வந்தாள். உதடு வெடித்திருந்தது. பழக்கத்தில் சொம்பை நீட்டிவிட்டேன்.

"வேணாம் கண்ணு. குடிச்சா பேச முடியாது."

மண்டிக்காரர் வாசலுக்கே வந்து, "வெயில்ல வந்திருக்கற, ஒரு வாய் குடிச்சுட்டுப் போம்மா" என்று தேனொழுகக் கூப்பிட்டார். அவள் நிற்கவில்லை. "வரப்ப குடிக்கறேனுங்க" என்று சொல்லிக்கொண்டே சந்தைப் பக்கம் நடந்தாள்.

பொழுது சாயத் திரும்பி வந்தாள். இடுப்பில் விதை மூட்டை, முகமெல்லாம் சிரிப்பு. "இப்ப ஊத்து கண்ணு" என்று இரண்டு கையையும் சேர்த்து ஏந்தினாள்.

உள்ளேயிருந்து மண்டிக்காரர் கத்தினார். "ஏ புள்ள, அவளுக்கு ஊத்தாத! சரக்க அங்க போட்டுட்டு வந்தவளுக்கு இங்க என்ன மோரு?"

என் தலைக்கு மேலேயே அந்தப் பலகை தொங்கியது. தர்மம் செய்கிறவன் கடையில் வியாபாரம் பெருகட்டும், யார் வேண்டாமென்றது? தாகத்துக்கு ஊற்றிவிட்டு எடையையும் நியாயமாகப் போட்டிருந்தால் மலை மொத்தமும் அவர் மண்டிக்குத்தான் வந்திருக்கும். விதைக்கு வழியில்லாதவளின் வாயை அடைக்கவா மோர்? தூ!

"வுடு கண்ணு, உன் வேல போயிரும்" என்று கையை இறக்கினாள் அவள்.

"போனாப் போவுது, குடிங்கக்கா!" சொம்பை எறிந்துவிட்டுப் பானையையே சாய்த்தேன். கழுத்தெல்லாம் நனையக் குடித்தாள்.

வேலை அன்றோடு போயிற்று. அடுத்த சந்தையன்று பந்தலில் வேறொருத்தி நின்று, "குடிங்க, காசு ஒன்னும் வேணாங்க" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். நான் பந்தலுக்குச் சற்று மேலே, மலைப்பாதையில் போய் நின்றுகொண்டேன். மூட்டையோடு இறங்கிய ஒவ்வொருவரையும் மறித்துச் சொன்னேன்: "மொதல்ல சரக்க வித்துப்போடுங்க. திரும்பறப்ப வந்து வயிறு முட்டக் குடிங்க."