பொட்டு வைத்த ரவுட்டர்

வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கு எங்கள் வீட்டு ரவுட்டருக்கும் சந்தனம், குங்குமம் வைப்பேன். என் அப்பா கோலார் தங்கவயலில் சுரங்கத் தொழிலாளி. பூஜையில் வைத்த சாமான் ஓடுகிறவரை அதைத் தூக்கிப் போடக்கூடாது என்பது அவர் எங்களுக்குக் கற்றுக்கொடுத்த பழக்கம். பெங்களூருக்கு வந்து ஹெப்பகோடியில் குடியேறியும் என்னை அது விடவில்லை. காலேஜில் கம்ப்யூட்டர் படிக்கும் என் மகளுக்குத்தான் அந்த ரவுட்டரைப் பார்த்தாலே எரிச்சல்.

"இதுக்கு அப்டேட் வர்றது நின்னு எவ்ளோ வருஷம் ஆச்சு தெரியுமா? பாஸ்வேர்டு கூட வாங்கினப்போ இருந்ததுதான். எவன் வேணா உள்ள பூந்துடலாம். மாத்துப்பா."

"லைட் எரியுது இல்ல? நெட் வருது இல்ல? சும்மா நொய்நொய்னு உயிரை வாங்காத" என்று அவள் வாயை அடைத்துவிடுவேன். பெரிய மேதாவி நான்.

ஒரு சனிக்கிழமை காலை, மஃப்டியில் இரண்டு போலீஸ்காரர்கள் வந்தார்கள். என் மனைவி வேலைக்குப் போயிருந்தாள். ஏதோ ஒரு காலேஜுக்கு மிரட்டல் மெயில் போயிருக்கிறதாம், அது எங்கள் வீட்டு இணைப்பிலிருந்து போயிருக்கிறதாம். நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன்.

"மனேல்லி கம்ப்யூட்டர் யாரு யூஸ் மாடோது?" என்று கன்னடத்தில் கேட்டார் மூத்தவர். வீட்டில் கம்ப்யூட்டர் யார் உபயோகிக்கிறார்கள் என்கிறார்.

கேள்வி முடிவதற்குள் என் கை மகளின் அறைப் பக்கம் நீண்டுவிட்டது. "மகளு, சார். நனகேனு கொத்தில்ல" என்றேன். எனக்கு ஒன்றும் தெரியாதாம். அறை வாசலில் நின்றுகொண்டிருந்த மகள் என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

லேப்டாப், அவள் போன், ரவுட்டர் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு, கூப்பிட்டால் வரவேண்டும் என்று சொல்லிப் போனார்கள். அதன்பிறகு சோறு இறங்கவில்லை. கேஸ் என்று வந்தால் அவள் படிப்பு என்ன ஆகும், எவன் வேலை கொடுப்பான் என்று நினைத்து நினைத்துச் செத்தேன். வாசலில் பைக் நின்றால் ஓடிப்போய் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். ஒருநாள் ஃபேக்டரி பஸ்ஸில், ஒருவேளை இவளேதான் விளையாட்டுக்குச் செய்திருப்பாளோ என்றுகூடத் தோன்றியது. சீ என்று என்னையே திட்டிக்கொண்டேன். ஆனால் தோன்றியது நிஜம்.

இரண்டு வாரம் கழித்து ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டார்கள். அங்கே கம்ப்யூட்டர் பார்க்கிறவர் தமிழிலேயே பேசினார். "உங்க பொண்ணு மேல ஒண்ணும் இல்ல சார். வெளியாள் எவனோ இந்த ரவுட்டருக்குள்ள பூந்து, உங்க நெட்ல மெயில் போட்டிருக்கான். இவ்ளோ பழசை இன்னும் வெச்சிருக்கீங்களே, மொதல்ல தூக்கிப் போடுங்க."

எனக்கு அழுகையே வந்துவிட்டது. வெளியே வந்து, ஆட்டோவுக்கு நிற்கும்போது, "தப்பிச்சோம் கண்ணு" என்றேன்.

அவள் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அன்னிக்கு என் பொண்ணு அப்படி பண்ண மாட்டான்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேப்பா" என்றாள்.

பயத்தில் வாய் வரவில்லை என்று சொல்ல நினைத்தேன். அதுவும் பொய். அந்த வார்த்தை எனக்குத் தோன்றவே இல்லை.